அஜித் வாங்கிய போர்ஷே ஜிடி3 ஆர்எஸ்: ரேஸ் காருக்கு எதுக்கு நம்பர் பிளேட்? சேகரிப்பாளர்கள் ஏன் துரத்துறாங்க?

2022 ஜூலை மாதம். திருச்சி கே.கே.நகரில் உள்ள ரைஃபிள் கிளப்பில் மாநில அளவிலான துப்பாக்கிச் சுடுதல் போட்டி நடந்தது. அதில் போட்டியாளராகக் கலந்துகொண்டவர் நடிகர் அஜித்குமார். விஷயம் வெளியே தெரிந்ததும் அந்தப் பகுதியே ரசிகர்கள் கூட்டத்தால் திணறியது. அவரது அணி 4 தங்கம், 2 வெண்கலம் வென்றது.

இரண்டு வருஷம் கழித்து, 2024 செப்டம்பரில், அஜித் மறுபடியும் டிரெண்ட் ஆனார். இந்த முறை காரணம் ஒரு கார். அவரது மனைவி ஷாலினி இன்ஸ்டாகிராமில் வெளியிட்ட படத்தில் அஜித்துடன் இருந்தது போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ். விலை சுமார் 3.5 கோடி ரூபாய்.

படத்தைப் பார்த்த பலருக்கும் வந்த சந்தேகம் ஒன்றுதான். கூரையைவிட உயரமான இறக்கை, தரையை உரசுகிற மாதிரி முன்பக்கம், உள்ளே இரண்டே சீட். பார்த்தால் ரேஸ் கார். ஆனா நம்பர் பிளேட் மாட்டி ரோட்டில் ஓட்டலாம். இது எந்த வகை? இதை வாங்க உலகம் முழுக்க கார் சேகரிப்பாளர்கள் ஏன் வரிசையில் நிற்கிறார்கள்? திருச்சி தென்னூரில் ஒருவர் இதை வாங்கினால் என்ன ஆகும்? விரிவாகப் பார்க்கலாம்.

இது என்ன மாதிரியான கார்?

ஸ்போர்ட்ஸ் கார்களைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, ரோட்டுக்காகச் செய்த கார். வேகமாகப் போகும், ஆனா ஏசி, சொகுசு சீட், டிக்கி எல்லாம் இருக்கும். இரண்டாவது வகை, பந்தயத்துக்கு மட்டுமே செய்த கார். அதை ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவு செய்ய முடியாது. லாரியில் ஏற்றித்தான் ரேஸ் டிராக்குக்குக் கொண்டு போக வேண்டும்.

மூன்றாவது வகை இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது. டிராக்கில் ஓட்டுவதற்காகவே வடிவமைத்து, ரோட்டில் ஓட்டுவதற்குத் தேவையான விளக்கு, ஹாரன், புகைக் கட்டுப்பாடு, பாதுகாப்பு விதிகள் எல்லாவற்றையும் பூர்த்தி செய்து, நம்பர் பிளேட்டுடன் வருவது. 'டிராக் கார், ஆனா ரோடு லீகல்' என்பார்கள். ஜிடி3 ஆர்எஸ் இந்த வகை.

இரண்டாவது, மூன்றாவது வகைக்கு உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள அஜித்தே நல்ல உதாரணம். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர கார் பந்தயத்தில் அவரது அணி ஓட்டியது போர்ஷே 911 ஜிடி3 கப். அது 510 பிஎஸ் சக்தி கொண்ட, பந்தயத்துக்கு மட்டுமேயான கார். வீட்டுக்கு வாங்கியது ஜிடி3 ஆர்எஸ். இரண்டும் ஒரே குடும்பம். ஒன்றுக்கு நம்பர் பிளேட் கிடையாது, இன்னொன்றுக்கு உண்டு.

அப்படி என்ன இருக்கு இதுல?

இப்போதைய தலைமுறை ஜிடி3 ஆர்எஸ் 2022 ஆகஸ்டில் அறிமுகமானது. முக்கிய விவரங்கள்:

- 4 லிட்டர், 6 சிலிண்டர் இன்ஜின். டர்போ கிடையாது. 525 பிஎஸ் சக்தி.
- இன்ஜின் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போகும்.
- எடை 1,450 கிலோ. கதவு, பானெட் எல்லாம் கார்பன் ஃபைபர் கலவை.
- 0-விலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட 3.2 விநாடி.
- அதிகபட்ச வேகம் மணிக்கு 296 கி.மீ.

கவனிச்சீங்களா? 525 பிஎஸ் என்பது இன்றைய சூப்பர் கார்களோடு ஒப்பிட்டால் பெரிய எண் இல்லை. இதன் பலம் இன்ஜினில் மட்டும் இல்லை, காற்றிலும் இருக்கிறது.

கார் வேகமாகப் போகும்போது அந்தப் பெரிய இறக்கையும், முன்பக்கத் தகடுகளும் காற்றைப் பிடித்து காரைத் தரையோடு அழுத்துகின்றன. 200 கி.மீ. வேகத்தில் அந்த அழுத்தம் 409 கிலோ. 285 கி.மீ. வேகத்தில் 860 கிலோ. அதாவது ஒரு சின்ன ஹேட்ச்பேக் காரையே தூக்கிக் கூரைமேல் வைத்த மாதிரி. ஆனா வண்டியின் எடை கூடாது, டயரின் பிடிமானம் மட்டும் கூடும். அதனால் வளைவில் வேகத்தை அதிகம் குறைக்காமல் திரும்ப முடியும்.

இதற்காக விட்டுக்கொடுத்ததும் நிறைய. முன்பக்கம் டிக்கி இருக்க வேண்டிய இடத்தில் பெரிய ரேடியேட்டர் வந்துவிட்டது. பின் சீட் கிடையாது. ஒரு சூட்கேஸ் வைக்கவே இடம் தேட வேண்டும்.

2022 அக்டோபரில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் டிராக்கில், 20.8 கி.மீ. சுற்றை இந்த கார் 6 நிமிடம் 49.3 விநாடியில் முடித்தது.

இந்த ஐடியா எங்கிருந்து வந்தது?

ஆரம்பம் பந்தய விதிகளில்தான் இருக்கிறது. ஒரு காரைக் குறிப்பிட்ட பிரிவில் ஓட்ட வேண்டும் என்றால், அதே காரைப் பொதுமக்களுக்கும் இத்தனை எண்ணிக்கையில் விற்றிருக்க வேண்டும் என்று விதி இருந்தது. 

1972-ல் போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 வந்தது இப்படித்தான். விதிப்படி 500 கார் விற்றால் போதும். இவ்வளவு எளிமையான, சொகுசு குறைந்த காரை 500 பேர் வாங்குவார்களா என்று கம்பெனிக்குள்ளேயே சந்தேகம் இருந்தது. 1973 ஜூலைக்குள் விற்றது 1,580. அதன் எடை குறைந்த பதிப்பு வெறும் 960 கிலோ. இன்றைக்கு அந்த கார் ஏலத்துக்கு வந்தால் பேச்சே கோடிகளில்தான். 'ஆர்எஸ்' என்பது 'ரென்ஸ்போர்ட்' என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம். பந்தய விளையாட்டு என்று பொருள்.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதை புதிதில்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம்தான் பல பத்தாண்டுகள் ரேஸ் டிராக்காக இருந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. ஃபியட், அம்பாசடர் என்று ரோட்டில் ஓடிய அதே கார்களைத் தயார் செய்து ஓட்டினார்கள். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக் வந்த பிறகுதான் சோழவரம் காலம் முடிந்தது.

சேகரிப்பாளர்களுக்கு ஏன் இவ்வளவு மோகம்?

இதைப் புரிந்துகொள்ள போர்ஷே வரை போக வேண்டாம். நம்ம ஊர் யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ நினைத்துப் பாருங்கள்.

1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன 98 சிசி பைக் அது. இன்றைக்கு விற்கும் பல பைக்குகளில் அதைவிட சக்தி இருக்கு. ஆனா நல்ல நிலையில் உள்ள ஆர்எக்ஸ் 100-க்கு இன்னும் ஆட்கள் தேடி அலைகிறார்கள். ஏன்? எடை குறைவு. அந்தச் சத்தம் வேற எதிலும் வராது. புகை விதிகள் இறுகிவிட்டதால் அந்த மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டி இனி வரப்போவதும் இல்லை.

ஜிடி3 ஆர்எஸ் மாதிரி கார்களுக்கும் கிட்டத்தட்ட இதே காரணங்கள்தான்.

1. இனி வருமா என்ற பயம்: டர்போ, ஹைபிரிட், எலெக்ட்ரிக் என்று உலகம் மாறிக்கொண்டிருக்கிறது. டர்போ இல்லாமல் 9,000 சுற்று போகும் இன்ஜின் இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று யாருக்கும் உறுதி இல்லை.

2. எண்ணிக்கை: மெக்லாரன் சென்னா காரைச் செய்ததே 500 தான். பிரேசில் ரேஸ் வீரர் அயர்ட்டன் சென்னாவின் பெயரைத் தாங்கிய கார். பிரிட்டனில் விலை 7.5 லட்சம் பவுண்டு. எல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகு, கடைசி ஒன்றை 2017 டிசம்பரில் ஏலம் விட்டார்கள். 20 லட்சம் பவுண்டுக்குப் போனது. அந்தப் பணம் சென்னாவின் பெயரில் இயங்கும் கல்வி அறக்கட்டளைக்குத் தரப்பட்டது. 2025-ல் அஜித்தின் கார் வரிசையில் சேர்ந்ததாகச் செய்தி வந்ததும் ஒரு மெக்லாரன் சென்னாதான்.

3. பந்தயக் கதை: 1990-களில் வந்த மெக்லாரன் எஃப்1 மொத்தமே 106 கார்கள். டிரைவர் சீட் நடுவில் இருக்கும். ரோட்டுக்காகச் செய்த அந்த கார், 1995-ல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தையே வென்றது. 2021-ல் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் ஒரு எஃப்1 கார் 2 கோடி டாலருக்கும் மேல் விலை போனது.

4. நம்பர் பிளேட்: முக்கியமான காரணம் இதுதான். பந்தயத்துக்கு மட்டுமேயான காரை வாங்கினால் அதற்கு டிராக் வேண்டும், மெக்கானிக் டீம் வேண்டும். நம்பர் பிளேட் உள்ள காரை ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியா எடுத்துக்கொண்டு டிராக்குக்குப் போய், ஓட்டி முடித்து, அதிலேயே வீட்டுக்குத் திரும்பலாம்.

வாங்கினால் லாபம் நிச்சயமா?

இல்லை. இதற்கும் போர்ஷேவிலேயே பாடம் இருக்கிறது.

2016-ல் 911 ஆர் என்ற மாடல் வந்தது. மொத்தம் 991 கார். மேனுவல் கியர். அமெரிக்காவில் விலை சுமார் 1.85 லட்சம் டாலர். கிடைக்காதவர்கள் துடித்ததில், கைமாற்று விலை 10 லட்சம் டாலர் வரை பேசப்பட்டது. அடுத்த வருஷமே புதிய ஜிடி3-யில் மேனுவல் கியரைக் கம்பெனி திரும்பக் கொண்டு வந்தது. 911 ஆர் விலை சரிந்தது. உச்சத்தில் வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

'அரிது' என்பது கம்பெனியின் ஒரு முடிவில் மாறிவிடும். இதை மனதில் வைத்துத்தான் விலையைப் பார்க்க வேண்டும்.

தென்னூரில் ஒருவர் வாங்கினால்?

ஒரு பேச்சுக்கு, திருச்சி தென்னூரில் வசதியான ஒருவர் இப்படி ஒரு காரை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் வரி. முழுதாகச் செய்து வெளிநாட்டிலிருந்து வரும் இந்த விலை கார்களுக்கு இறக்குமதி வரி மட்டும் 110 சதவீதம். 2025 பட்ஜெட்டில் கணக்கை மாற்றி எழுதினார்கள், ஆனா கூட்டிப் பார்த்தால் அதே 110 தான். அதன்மேல் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு 40 சதவீதம். 100 ரூபாய்க்குத் துறைமுகத்தில் இறங்கும் கார் என்றால் இறக்குமதி வரியோடு 210 ரூபாய். ஜிஎஸ்டியோடு 294 ரூபாய். டீலர் லாபம் தனி.

அடுத்து ஆயுள்கால வரி, அதாவது லைஃப் டாக்ஸ். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கார்களுக்கு 20 சதவீதம். 3.5 கோடி ரூபாய் காருக்கு 70 லட்சம் ரூபாய். டிஎன்-45, டிஎன்-48, டிஎன்-81 என்று திருச்சியில் எந்த ஆர்டிஓ-வில் பதிந்தாலும் இதே கணக்குதான்.

விதிகளும் இருக்கு. இறக்குமதியாகும் காருக்கு ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். இடப்பக்க ஸ்டீயரிங்கோடு மட்டுமே வந்த ஃபெராரி எஃப்40 மாதிரி புகழ்பெற்ற கார்களை இங்கே வாங்கி நம்பர் போட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

கார் வீட்டுக்கு வந்துவிட்டது. ஓட்ட வேண்டுமே? தென்னூர் ஹை ரோட்டிலோ சாஸ்திரி ரோட்டிலோ சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டாவது கியரைத் தாண்டுவதே கஷ்டம். வேகத்தடை வந்தால் முன்பக்கத்தைத் தூக்கிக்கொடுக்கும் வசதி இந்த காரில் உண்டு. ஆனா அதையும் பட்டனை அழுத்தி நிதானமாகத்தான் தாண்ட வேண்டும்.

சரி, ஹைவேக்குப் போகலாம் என்றால்? சமயபுரம் டோல்கேட்டைத் தாண்டி ஆக்ஸிலேட்டரை முழுசா மிதித்தால், 3.2 விநாடியில் 100 கி.மீ. வந்துவிடும். நான்கு வழி தேசிய நெடுஞ்சாலையில் காருக்கு அனுமதிக்கப்பட்ட வேகமும் அதோடு முடிந்துவிடும். 285 கி.மீ. வேகத்தில் 860 கிலோ அழுத்தம் தருகிற இறக்கைக்கு அங்கே பெரிசா வேலையே இல்லை.

ஐப்பசி மழையில் இன்னும் கவனம் வேண்டும். இந்த மாதிரி கார்களில் வரும் டயர்களில் கோடு ஆழம் குறைவு. காய்ந்த டிராக்கில் பசை மாதிரி ஒட்டும். தண்ணீர் தேங்கிய ரோட்டில் வேகமாகப் போனால் வழுக்கும்.

இன்சூரன்ஸ் கை கொடுக்குமா?

வாங்குபவர்கள் பலர் கவனிக்காத விஷயம் இது. இந்தியாவில் வழக்கமான மோட்டார் பாலிசியில், பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு வண்டியைப் பயன்படுத்தும்போது ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு கிடையாது என்று தெளிவாகவே எழுதியிருக்கும்.

அதாவது, எந்த வேலைக்காக இந்த கார் செய்யப்பட்டதோ அந்த வேலைக்கு இன்சூரன்ஸ் இல்லாமல் போகலாம். டிராக்குக்கு எடுத்துப் போவதற்கு முன் பாலிசியை வரிக்கு வரி படித்துவிட்டு, கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

பூட்டி வைப்பதா, ஓட்டுவதா?

இங்கேதான் சிக்கல். சேகரிப்புச் சந்தையில் குறைவாக ஓடிய காருக்குத்தான் விலை அதிகம். ஒவ்வொரு கிலோமீட்டரும் விலையைக் குறைக்கும். அதனால் உலகம் முழுக்கப் பல டிராக் கார்கள் டிராக்கையே பார்க்காமல், ஏசி அறையில் துணி போர்த்தி நிற்கின்றன.

ஆனா எண்ணெய் ஓடாத இன்ஜினும், சுற்றாத டயரும் வருஷக்கணக்கில் நின்றால் கெட்டுப்போகும். ரப்பர் இறுகும். பேட்டரி இறங்கும். திரும்ப எடுக்கும்போது செலவு லட்சங்களில் நிற்கும். இந்த காரின் ஸ்டீயரிங்கில் சஸ்பென்ஷனையும் பிடிமானத்தையும் ஓடும்போதே மாற்றுவதற்குத் தனித்தனி திருகுகள் இருக்கின்றன. நிறுத்தி வைத்த காரில் அவற்றுக்கு எந்த அர்த்தமும் இல்லை.

இந்த விஷயத்தில் அஜித்தின் பாதை கவனிக்க வேண்டியது. அவர் கார் வாங்கிவிட்டு ரேஸுக்குப் போகவில்லை. 2003-ல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியா, 2010-ல் ஃபார்முலா 2 என்று முதலில் டிராக்கில் கற்றுக்கொண்டார். 2025 துபாய் பந்தயத்துக்கு முன் பயிற்சியில் அவரது கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. காயமின்றித் தப்பினார். அந்தப் பந்தயத்தில் அவரது அணி தன் பிரிவில் 3-வது இடம் பிடித்தது. அந்த வேகத்தில் மோதியும் ஒருவர் எழுந்து நடக்க முடிந்ததற்குக் காரணம் அதிர்ஷ்டம் மட்டும் இல்லை. ரோல் கேஜ், ஹெல்மெட், ஆறு முனை பெல்ட், தயாராக நிற்கும் மருத்துவக் குழு, எதிரே வண்டி வராத டிராக் ஆகியவைதான். இதில் பெரும்பாலானவை ரோட்டில் கிடையாது.

ரசிகர்கள் கவனிக்க வேண்டியது

காரைப் பார்த்துவிட்டு பைக்கில் இறக்கை மாட்டுவதும், சைலென்சரை மாற்றுவதும் பல ஊர்களில் நடக்கிறது. இரண்டுக்கும் சட்டத்தில் பெரிய வித்தியாசம் உண்டு.

- ஜிடி3 ஆர்எஸ்-ஸின் இறக்கை கம்பெனியே சோதித்து, அனுமதி வாங்கி மாட்டியது. பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது.
- பொதுச் சாலையில் ரேஸ் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவில் குற்றம். சிறை, அபராதம் இரண்டுக்கும் இடமுண்டு. 
- வேகம் பார்க்க வேண்டும் என்றால் இடம் இருக்கு. இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கி.மீ. டிராக். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. மறைந்த ரேஸ் வீரரும் கார் வடிவமைப்பாளருமான எஸ்.கரிவர்தன் நினைவாகப் பெயர் வைத்தது. திருச்சியிலிருந்து கோவை சுமார் 200 கி.மீ. தூரம்தான்.
- போட்டியில் ஓட்ட எஃப்எம்எஸ்சிஐ என்ற இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் லைசென்ஸ் வேண்டும். கார்ட் ரேஸில் தொடங்கினால் 3.5 கோடி தேவையில்லை.

சுருக்கமாக

டிராக் காருக்கு நம்பர் பிளேட் கொடுத்தது, அதை ரோட்டில் ரேஸ் ஓட்டுவதற்காக இல்லை. வீட்டிலிருந்து டிராக்குக்குப் போய்விட்டுத் திரும்புவதற்காக. எடை குறைவு, இனி வராத இன்ஜின், பந்தயக் கதை, குறைந்த எண்ணிக்கை ஆகியவைதான் சேகரிப்பாளர்களை இழுக்கின்றன. இந்தியாவில் அந்த ஆசைக்கு வரியே பாதி விலைக்கு மேல். அதைக் கட்டிவிட்டுப் பூட்டி வைத்தால் அது கண்காட்சிப் பொருள். கற்றுக்கொண்டு, உரிய இடத்தில் ஓட்டினால்தான் அது கார்.